சாவு மேளத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் இயர் மஃப்

அத்தியாயம் பதினான்கு

லோகநாதனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து இரண்டு கவலை. ஒன்று, மூன்றாம் பிளாக்கில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த செல்வநாதன். இன்னொன்று, தன் மகளின் இடது காது.

வாராவாரம் நம்மோடு இந்த வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு அவர் மகள் கார்குழலியின் கதை தெரியும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிற பெண், எண்ணூர்ப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டாள். எழுத்துப் பரீட்சை தேறினாள். கம்ப்யூட்டர் திரையில் கிரேன் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், அதையும் பிசகில்லாமல் ஓட்டினாள். பாக்கி இருந்தது காதுப் பரிசோதனை ஒன்றுதான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நூறடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்குகிறவளுக்கு, கீழேயிருந்து ஒருவர் வாக்கி டாக்கியில் நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டும். கேட்காமல் போனால் கீழே நிற்பவரின் உயிருக்கு யார் பதில் சொல்வது? அதனால் காதில் பெரிய குறை என்றால் வேலை கிடையாது, அவ்வளவுதான்.

அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பரிசோதனைக்கு முந்திய பதினான்கு மணி நேரம் பலத்த சத்தத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் காது களைத்துப் போயிருக்கும், நல்ல காதுகூடப் பழுதான காது மாதிரித் தெரியும். அவள் அம்மா ராஜாத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஞாயிறு மாலை ஆறு மணி.

செல்வநாதனை எடுக்கப் போகிற நேரமும் அதே ஆறு மணி. மஸ்கட்டிலிருந்து மகன் செங்குட்டுவன் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். வியாசர்பாடியில் ஒரு பெரிய மனிதரை எடுக்கிறார்கள் என்றால் லேசுப்பட்ட விஷயமா? மேளமும் சரவெடியும் விசிலும் நாலு தெருவுக்குக் கேட்கும். கேட்கத்தான் வேண்டும், போனவருக்கு அதுதான் மரியாதை.

மகளை முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ராஜாத்தி காலையிலேயே முடிவு கட்டிவிட்டாள். பையில் துணிகூட எடுத்து வைத்தாயிற்று. கார்குழலி பையைத் திறந்து துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

செல்வநாதனுக்கும் பட்டம்மாளுக்கும் பெண் பிள்ளை இல்லை. பெரியப்பா, பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பாதி நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் குழலி. வாய்க்கரிசி போடவும், தூக்கும்போது பட்டம்மாளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கவும் அந்த வீட்டுக்கு ஒரு மகள் வேண்டும்.

"பெரிம்மா என்னைத்தாம்மா கேட்டுச்சு. நான் போவாம வேற யாரு போவா?" என்றாள்.

மகளிடம் செல்லாத கோபம் புருஷனிடம் திரும்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மேளக்காரப் பகலவனிடம் போய் அடியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லும்படி ராஜாத்தி உத்தரவு போட்டாள். லோகநாதன் தலையாட்டினார்.

அவர் எதற்கும் தலையாட்டுவார். அது அவருடைய பழைய வித்தை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்கியவர். தகட்டின் மேல் தகடு விழுகிற சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். அந்த கேங்குக்கு மேஸ்திரி செல்வநாதன். காதில் பனியன் வேஸ்ட்டை உருட்டி அடைத்துக்கொண்டால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மெஷின் துடைக்கிற அந்தப் பழந்துணி சத்தத்தை எங்கே தடுத்தது? அழுக்கைத்தான் உள்ளே கொண்டு சேர்த்தது. ஆரம்பத்தில் வேலை முடிந்து வந்தால் காதுக்குள் ஙொய்யென்று இரையும், காலையில் அடங்கிவிடும். போகப் போக எந்தச் சத்தமும் உறைக்கவில்லை. காது பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பழகவில்லை, போய்க்கொண்டிருந்தது.

இப்போது எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் கிடையாது. கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். ஒரு தலையாட்டல், ஒரு "சரி கண்ணு", ஒரு "நல்லா கீறேன்". இந்த மூன்றை வைத்துக்கொண்டே மனிதர் பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார்.

ஆனால் காது போனவருக்குக் கண் கூர்மை. போன மாதம் ஒரு நாள் கார்குழலி இடது கையால் போனை எடுத்து, இடது காதுக்குக் கொண்டுபோய், பாதியில் வலது காதுக்கு மாற்றினாள். ராஜாத்தி பார்க்கவில்லை. லோகநாதன் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவரும் இப்படித்தான் மாற்றினார்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னாள். யார்டில் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அவள் பக்கத்திலேயே காற்றுக் குழாய் வெடித்ததாம். இரண்டு நாள் காதுக்குள் விசில் அடித்ததாம். யார்டு நர்ஸ் பெனிஷாவிடம் உடனே போய்ச் சொன்னாளாம், அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாமாம். காதை மூடுகிற மஃப் போட்டிருந்தாயே, அப்புறம் எப்படி என்று லோகநாதன் கேட்டார். அதற்கு மட்டும் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பெண் மஃப் போடாமல் யார்டுக்குள் நடந்ததே இல்லை. நசுங்கிய கன்டெய்னருக்குள் இரண்டு பேர் நின்று சம்மட்டியால் தகட்டை நிமிர்த்துகிற இடம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது மஃப் போட்டது அவள் ஒருத்திதான். டிஜே வருது, பாட்டு போடு என்று கேலி செய்தார்கள். கர்வம் பிடித்தவள் என்று நினைப்பார்கள், கழற்றிவிடு, காது பழகிடும் என்று புத்தி சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் லோகநாதனேதான். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள், மறுநாள் மஃப்போடு போனாள்.

அதோடு விட்டாளா? சாப்பாட்டு நேரத்தில் பெனிஷாவை அழைத்துவந்து எல்லோருக்கும் பேச வைத்தாள். காதுக்குள்ளே நம்ம ஃபுட்பால் கிரவுண்டு புல் மாதிரி நுணுக்கமாக முளைத்திருக்கும், அதுதான் சத்தத்தை மூளைக்குச் சொல்லும் என்றாளாம் பெனிஷா. ஒரு மேட்ச் ஆடினால் படுத்த புல் மறுநாள் எழுந்துகொள்ளும். தினம் ஆடினால் மொட்டைத் தரை. வெளிப் புல்லாவது மழைக்கு முளைக்கும், காதுக்குள்ளே போனது போனதுதான். ஒரு கை தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தில் காதை மூடு, இவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு அந்த யார்டில் பதினோரு பேர் தலையில் மஞ்சள் மஃப். இதை நினைக்கும்போதெல்லாம் லோகநாதனுக்கு மீசை தானாக மேலே ஏறும். தனக்குப் பிறந்தது தன்னைவிடப் பெரிய ஆள் என்று தெரிந்துகொள்வதில் ஒரு தகப்பனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பகலவனிடம் போன தூது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? போனார். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தார். மேளத்தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே பகலவன் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"செல்வநாதன் அண்ணனுக்கு ஒரு செட்டு பத்தாது மாமு. புளியாந்தோப்புலர்ந்து இன்னொரு செட்டும் வந்துகினு கீது."

லோகநாதன் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்தேமுக்காலுக்குக் கார்குழலி மாடியிலிருந்து இறங்கினாள். வெளிறிய நீலப் புடவை, இழுத்துக் கட்டிய கொண்டை, தலைக்கு மேலே பட்டை போட்டு இரண்டு காதையும் மூடிய மஞ்சள் இயர் மஃப். அதற்குள்ளே காதை அடைக்கிற நுரைப் பிளக் வேறு. தெருவே திரும்பிப் பார்த்தது. எழவு வீட்டில் பாட்டுக் கேட்கிறாளா என்று ஒரு வாய் அசைந்தது. திமிரைப் பார் என்று இன்னொரு வாய். லோகநாதன் எல்லா வாயையும் படித்தார். பெண்ணின் தலை மட்டும் குனியவில்லை. நேராகப் போய்ப் பட்டம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவள் தோளில் கை வைத்தாள்.

செங்குட்டுவன் வந்து இறங்கி அரை மணிதான் ஆகியிருந்தது. தூங்காத கண், அழுது சிவந்த மூக்கு. அப்பனுக்கு அடிக்கப்போகிற கடைசி மேளத்துக்கு ஒருத்தி காதை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்றால் பொறுக்குமா?

"எங்கப்பாவுக்கு அடிக்கிற மோளம் உனக்கு இம்சையா கீதா?"

குழலி மஃப்பைக் கழுத்துக்கு இறக்கினாள். குரலை உயர்த்தவில்லை. நாளைக் காலையில் காது டெஸ்ட் என்பதையும், அதில் தேறினால்தான் கிரேன் வேலை என்பதையும் சொன்னாள்.

"அதுக்காக பெரியப்பாவை வுட்டுட்டு ஓட மனசு வர்லண்ணா. காதைத்தான் மூடிக்கினு வந்தேன்."

அவ்வளவு கஷ்டமாக இருந்தால் வீட்டிலேயே இரு என்றான் செங்குட்டுவன். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். மேலே ஜன்னலில் ராஜாத்தி தெரிந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. இன்னும் ஒரு நிமிஷம் போனால் எழவு வீடு சண்டை வீடாகியிருக்கும். லோகநாதன் முன்னால் போக நினைத்தார். போய் என்ன சொல்வது? காதை மூட வேண்டாம் என்று பெற்ற மகளுக்கே புத்தி சொன்ன வாய்தானே இது.

பேசியது பட்டம்மாள்.

"அவ நிக்கட்டும்டா. உங்கப்பாவுக்குக் காதே கேக்காது. ஒனக்குத் தெரியுமா?"

செங்குட்டுவனுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்கிறவன் அவன். எதைக் கேட்டாலும் அப்பா "நல்லா கீறேன், வச்சிடவா" என்பார். சாப்பிட்டாயா என்றாலும் அதே பதில். இரண்டாவது குழந்தை பிறந்த சேதியைச் சொன்னபோதும் அதே பதில். சொல்லச் சொல்லக் கேட்காமல் வெளிநாடு போனதில் அப்பாவுக்குக் கோபம், பேசப் பிடிக்கவில்லை என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

"கோவமெல்லாம் இல்லடா. போன்ல நீ பேசறது ஒண்ணும் அதுக்குக் கேக்காது. கேக்கலன்னு சொல்ல வெக்கம். நீ வச்சதும் எங்கிட்ட வந்து, புள்ள இன்னா சொன்னான் தெரியலியே பட்டுன்னு குந்திக்கும். நான் எதையாவது கட்டிச் சொல்லுவேன். பேரன் பொறந்ததே அதுக்கு நீ போட்டோ அனுப்புனப்புறந்தான் தெரியும்."

செங்குட்டுவன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பட்டம்மாள் லோகநாதனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்ன ஒரு சொல்லும் அவருக்குத் தப்பவில்லை. செத்துப்போனவனைப் பற்றிச் சொன்னது உயிரோடு நிற்கிற தன்னைப் பற்றியும்தான் என்று அவருக்குத் தெரிந்தது. மகளிடம் எத்தனை "சரி கண்ணு" சொல்லியிருப்பார், அதில் எத்தனை அவர் காதில் விழாத பேச்சு?

குழலி செங்குட்டுவன் பக்கத்தில் குந்தி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்போது பகலவன் மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"அதுல எனக்கு ஒண்ணு குடு தங்கச்சி. ரெண்டு வருசமா படுத்தா காதுக்குள்ள ஒரே ஙொய். யாருகிட்ட சொல்றதுன்னே தெர்ல."

குழலியின் கைப்பையில் பிளக் பாக்கெட் இருந்தது, ஒரு கைப்பிடி. விரலால் மெல்லிசாக உருட்டச் சொன்னாள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுக்கச் சொன்னாள், அப்போதுதான் உள்ளே போகும் வழி நேராகும். செருகி, நுரை விரியும் வரை விரலால் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணச் சொன்னாள். மேளக்காரர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று காதைப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணினார்கள். பள்ளிக்கூடத்தில்கூட இவர்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்க மாட்டார்கள். பட்டாசுக்காரனிடம் சரத்தைத் திருப்பம் தாண்டிக் கொளுத்தச் சொன்னாள். கைக்குழந்தைக்காரிகளை உள் வீட்டுக்குப் போகச் சொன்னாள். அதிகாரம் ஒன்றும் செய்யவில்லை, அவரவர் பக்கத்தில் போய்ச் சொன்னாள். கேட்டார்கள்.

ஆறு மணிக்குச் செல்வநாதனைத் தூக்கினார்கள். மேளம் விழுந்தது. ஒரு அடிகூடக் குறையவில்லை. இரண்டு செட்டும் சேர்ந்து அடித்த அடியில் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. சாத்தாங்காடு மேஸ்திரிக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை முழுசாகக் கிடைத்தது. மஞ்சள் மஃப்போடு ஒரு பெண் அந்த மேளத்துக்குப் பின்னால் பட்டம்மாளைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். இப்போது யாரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லவில்லை.

லோகநாதன் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். கண்ணீரும் ஆட்டமுமாக. தெருமுனையில் யாரோ தோளைத் தொட்டார்கள். குழலி. அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, காதை மேலே இழுத்து, தானே பிளக்கைச் செருகினாள்.

"எனக்கு இன்னும் இன்னா கண்ணு மிச்சம் கீது?" என்றார்.

அவள் அவர் எதிரே வந்து நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"அந்த மிச்சத்துக்குத்தான் நைனா."

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து லோகநாதன் வீட்டுக்குள் வந்தபோது மணி எட்டு. பிளாக்கே அடங்கிக் கிடந்தது. எந்த வீட்டிலும் டிவி அலறவில்லை. தினமும் கீழே நின்று வண்டியை முறுக்கிவிட்டுத்தான் மாடி ஏறுகிற அமீருதீன், அன்றைக்கு வண்டியைச் சந்து முனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாராம். பட்டம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள், நம்ம பொண்ணுக்குக் காலையில் பரீட்சை என்று. இதைச் சொன்னது ராஜாத்தி.

ராஜாத்தி அடுப்பங்கரைக்குப் போனதும் குழலி அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நின்று கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்க்கும்படி அப்பாவிடம் கேட்டிருந்தாள், பெனிஷா செய்கிற சோதனை அது. சத்தம் கேட்டால் கை தூக்குவாள். தேய்க்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காது என்பது வேறு விஷயம்.

வலது காதுக்கு ஒரு கை தூரத்தில் தேய்த்தார். உடனே கை உயர்ந்தது. லோகநாதனுக்கு அந்தக் காதைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. இடது பக்கம் போனார். அதே தூரத்தில் தேய்த்தார். கை உயரவில்லை. கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். உயரவில்லை.

கண்ணாடியில் அவள் உதடு அசைந்தது.

"இந்தப் பக்கம் இன்னும் ஆரம்பிக்கலியா நைனா?"

அவர் விரல்கள் தேய்த்துக்கொண்டுதான் இருந்தன. இல்ல கண்ணு, இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பத்து வருஷப் பழக்கம். சொல்லவில்லை. விரலை இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்தில் கை உயர்ந்தது.

முன்னால் வந்து உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். முதலிலிருந்தே தேய்த்துக்கொண்டிருந்ததையும், சாண் தூரம் வந்தபிறகுதான் அவள் கை தூக்கியதையும். அவள் இடது காதை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு, காலையில் மெஷினில் உட்காரும் முன்னாலேயே டாக்டரிடம் குழாய் வெடித்ததைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். சின்னக் குறையா பெரிய குறையா என்று மெஷின் சொல்லட்டும், மறைத்து மேலே ஏறினால் கீழே நிற்கிறவனுக்குத் துரோகம் என்றாள். இருபத்தாறு வயதில் இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தரம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மஃப் எங்கே போச்சு அன்றைக்கு?

அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவருக்குத் தெரிந்தது அவள் வகிடு மட்டும்தான். அவர் நிமிர்ந்தபோது அடுப்பங்கரை வாசலில் ராஜாத்தி நின்றிருந்தாள். தினம் மத்தியானம், குழாய் வெடித்த அதே பன்னிரண்டரைக்கு, மகளுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்காவிட்டால் சோறு இறங்காத ராஜாத்தி. கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

லோகநாதன் தலை ஆடத் தொடங்கியது. சரி கண்ணு என்று வாய் திறந்தது. தெருவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுத செங்குட்டுவன் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

மகளின் முகவாயை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எனக்குக் கேக்கல கண்ணு. இன்னொரு தபா சொல்லு."